ஜெரெஜாக் நீரோட்டத்துக்கு எந்த டிங்கி தாங்கும்?

கேள்வி: பினாங்கில் பழைய 26 அடி பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். பத்து உபான் பக்கம், ஜெரெஜாக் தீவுக்கு எதிரே மிதவையில் கட்டியிருக்கிறேன். கரையிலிருந்து அதற்குப் போய் வர ஒரு டிங்கி, அதாவது சின்னத் துணைப்படகு வேண்டும். நான், மனைவி, 9 வயது மகள் என மூன்று பேர். 2.7 மீட்டர் ரிப் படகும் (அடி கெட்டியான கண்ணாடியிழை, சுற்றிலும் காற்றுக்குழாய்) 9.9 குதிரைத்திறன் மோட்டாரும் எடுக்கச் சொல்கிறார் கடை முதலாளியான தவுக்கே. இணையத்திலோ காற்றடைத்த பிவிசி டிங்கி மலிவாகக் கிடைக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை லங்காவித் தீவுக்குப் போகவும் ஆசை. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். தவுக்கே உங்களை ஏமாற்றவில்லை. 40 அடிப் படகு வைத்திருப்பவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். அந்த ரிப் 50 கிலோவைத் தொடும். 9.9 நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் தனியாக 40 கிலோ, அதாவது 10 கிலோ அரிசிப் பை நான்கு. ஆடுகிற டிங்கியில் நின்றுகொண்டு அதை மேலே நிற்கும் மனைவி கையில் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும். பின்புறம் கம்பி வைத்துத் தொங்கவிடலாமே என்பீர்கள். 26 அடிப் படகின் அமரத்தில் 90 கிலோ தொங்கினால் படகு உட்கார்ந்துவிடும், பாய் விரித்தாலும் நகராது.

டிங்கித் தேர்வை நான் கடையில் தொடங்க மாட்டேன், நீரோட்டத்தில்தான் தொடங்குவேன். பினாங்கில் நாளுக்கு இரண்டு கடல் ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் 2 மீட்டரைத் தாண்டும். அந்தத் தண்ணீர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள நீரிணை வழியே போய் வருகிறது. அந்த நாட்களில் 2 நாட் ஓட்டம் என்பது நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. 2 நாட் என்றால் நொடிக்கு 1 மீட்டர். மோட்டார் நின்றுபோய் ஒரு நிமிடம் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தால் 60 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். காற்றடைத்த டிங்கியில் குட்டைத் துடுப்பு போட்டு ஒருவர் எட்டக்கூடிய வேகமும் ஏறக்குறைய அதே 2 நாட்தான். சட்டை நனையத் துடுப்பு போட்டு, நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அஷ்டமி, நவமியை ஒட்டி ஓட்டம் தணியும். சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டி உங்கள் படகுக்கும் உதவும்.

அதனால் டிங்கிக்கென்று ஒரு சின்ன நங்கூரமும் 20 மீட்டர் கயிறும் வாங்குங்கள். மோட்டார் நின்றால் முதல் வேலை அதைப் போடுவது, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பது பிறகு. கடையில் மடக்குகிற நான்கு கொக்கி நங்கூரத்தைக் காட்டுவார்கள். இங்கே அடியில் சேறு, கொக்கி அதில் சரியாகப் பிடிக்காது. தட்டையான அகன்ற நாக்கு உள்ளதைக் கேளுங்கள்.

மோட்டார் 2.5 முதல் 3.5 குதிரைத்திறன் போதும். 2.4 மீட்டர் டிங்கி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது 4 நாட் பக்கம்தான் எட்டும். அதற்கு மேல் மோட்டாரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் மூக்கு தூக்குமே தவிர வேகம் கூடாது. மூன்று பேரோடு நீர்மேல் ஏறி வழுக்கிப் போக 8, 10 குதிரைத்திறன் வேண்டும், அது மறுபடியும் அந்த 40 கிலோ. 2.5 மோட்டார் 13 முதல் 18 கிலோதான், ஒரு கையில் தூக்கலாம். உங்கள் இடத்துக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. வற்றத்தில் சேற்றுக்கு மேல் முழங்கால் தண்ணீரில் ஓட்டும்போது, நீரால் குளிரும் மோட்டார் சேற்றையும் சேர்த்து உறிஞ்சி அடைத்துக்கொள்ளும். ஹோண்டா 2.3 காற்றால் குளிர்வது, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரைச்சல் போடும். ரிவர்ஸ் கியரும் கிடையாது, மோட்டாரையே முழுக்கத் திருப்ப வேண்டும். மின்மோட்டாரும் நல்லதுதான், பெட்ரோல் வாடை இல்லை. ஆனால் மிதவையில் நிற்கும் படகில் எப்படி சார்ஜ் செய்வீர்கள் என்பதற்கு வழி செய்துவிட்டு வாங்குங்கள்.

இனி டிங்கிக் குழாயின் துணி. பணத்தை இங்கே போடுங்கள். நம் வெயிலில் மலிவான பிவிசி டிங்கியில் துணிக்கு முன்னால் ஒட்டுதான் போகும். நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் சில வருடங்களில் மடிப்புகள் வாய் பிளக்கும். செயற்கை ரப்பர் பூசிய துணி வெயிலைத் தாங்கும், பத்து வருடம் தாண்டி உழைப்பதும் உண்டு. எல்லாரும் ஹைப்பலான் என்பார்கள். அது டூபாண்ட் நிறுவனம் வைத்த பெயர், 2010-ல் அவர்கள் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதே ரப்பரை இப்போது மற்றவர்கள் செய்கிறார்கள், சிஎஸ்எம் என்று கேளுங்கள். விலை கூடுதல்தான். புதிது கட்டுப்படியாகாவிட்டால், புது பிவிசியை விட நல்ல பழைய சிஎஸ்எம் மேல்.

எதை வாங்கினாலும் மேலே கித்தான் உறை தைத்துப் போடுங்கள். சாயங்காலம் 27 டிகிரியில் 0.2 பார் அழுத்தத்துக்குக் காற்றடிக்கிறீர்கள் என்று வையுங்கள். மறுநாள் மதியம் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரிக்குச் சூடானால், குழாய் விரிந்து கொடுக்காத பட்சத்தில் அழுத்தம் 0.3 பாரை நெருங்கும். ஒட்டு பிரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கரையில் ஏற்றிப் போடும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்.

அளவை எடுக்கப் படகுக்கே போங்கள். அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, 2.4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு முன்தளத்தில் விரியுங்கள். பாய்மரத்துக்கும் முன்கம்பிக்கும் நடுவில் கவிழ்த்து வைக்க இடம் இருக்கிறதா, நங்கூரப் பெட்டி திறக்கிறதா, முன்கதவு வழியாக ஆள் வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காற்றை இறக்கிச் சுருட்டித்தான் வைக்க வேண்டும். அப்போது காற்றடைத்த தரை உள்ள டிங்கி வசதி, 25, 30 கிலோதான். சுருட்டியதை வைக்கப்போகும் சாமான் பெட்டி எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள், அதன் வாய் எவ்வளவு பெரியது என்று அளந்து பாருங்கள். நான் ஒரு தடவை ஏமாந்தது அங்கேதான்.

மரப்பலகை டிங்கியை நான் மறக்கவில்லை. நன்றாகத் துடுப்பு போடும், தூணிலும் பாறையிலும் ஒட்டி வளரும் கூரான கொட்டலசுக்கும் சிப்பிக்கும் அஞ்சாது. லங்காவி ஆசை இல்லையென்றால் அதையே சொல்லியிருப்பேன். குழந்தைகள் ஓட்டும் பழைய ஆப்டிமிஸ்ட் படகைச் சிலர் டிங்கியாக்குகிறார்கள். 35 கிலோ, 2.3 மீட்டர். ஒருவருக்குச் சரி. மூன்று பேரும் சாமான்களும் ஏறினால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் கைகூட நுழையாது.

படகுத்துறை ஜெட்டியில் கட்டும்போது புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. வற்றத்தில் வந்து நீளக் கயிற்றில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். டிங்கி மெல்ல ஜெட்டிக்கு அடியில் நுழைந்துகொள்ளும். ஏற்றம் வரும்போது மேலே உத்தரம், பக்கத்தில் கொட்டலசு ஒட்டிய தூண். நசுங்கும், இல்லையென்றால் கிழியும். டிங்கியின் பின்னால் அந்தச் சின்ன நங்கூரத்தைப் போட்டு, ஜெட்டியிலிருந்து தள்ளி நிற்க வையுங்கள்.

லங்காவிக்கு இழுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் ஒரு தடவை சோம்பல்பட்டு இழுத்துப் போனேன். வழியிலுள்ள பாயார் தீவை எட்டவில்லை, விடியலுக்கு முன் சுமாத்ரா காற்று, அதாவது அந்தப் பக்கமிருந்து திடீரென்று வீசும் புயல்காற்று இறங்கியது. டிங்கி கவிழ்ந்து வாளி மாதிரி தண்ணீரை அள்ளியது, படகு திணறியது. பத்து நிமிடத்தில் திடீரென்று இலகுவானது. கயிற்றை இழுத்துப் பார்த்தால் நுனியில் ஒரு இரும்பு வளையமும் உள்ளங்கை அளவு துணியும்தான் வந்தன. மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தேன், அந்த மட்டும் புண்ணியம்.

இருட்டில் போனால் எல்லாப் பக்கமும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். 7 மீட்டருக்குக் குறைந்து, 7 நாட் வேகத்துக்கு மேல் போகாத மோட்டார் படகுக்குச் சர்வதேசக் கடல் விதிப்படி அது போதும், முடிந்தால் பக்க விளக்குகளும் வைக்க வேண்டும். இழுவைப் படகுகளும் மீன் படகுகளும் போகிற வழி அது. மகளுக்கு அவள் எடைக்கேற்ற, தலையை நிமிர்த்திப் பிடிக்கும் மிதவைச் சட்டை வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள் போடும், 50 நியூட்டன் மிதப்புச் சக்தி உள்ள சட்டை போதாது.

பக்கத்துப் பேச்சு ஒன்று. உங்கள் படகு நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெரெஜாக்கில்தான் வந்தேறிகளைத் தனிமைப்படுத்தும் நிலையம் இருந்தது. அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தோணியில் போய்த்தான் இங்கே வரும் ரஜூலா கப்பலில் ஏற வேண்டும். அலையில் ஆடும் தோணியிலிருந்து ஏணியைப் பிடிக்க நம் தாத்தா பாட்டிகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. உங்கள் மனைவிக்கு நீங்கள் எடுங்கள்: ஏறும்போது நடுவில் கால் வைப்பது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுந்து நிற்பது, சாமான் கடைசியில்.

ஆக நீங்கள் தேட வேண்டியது 2.4 அல்லது 2.6 மீட்டர், காற்றுத் தரை, சிஎஸ்எம் துணி. பழையதைப் பார்க்கப் போனால் சாயங்காலம் முழுக்கக் காற்றடிக்கச் சொல்லி, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் போய் அழுத்திப் பாருங்கள். மோட்டார் மாட்டும் பலகை குழாயோடு ஒட்டும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் விட்டுவிடலாம். சிஎஸ்எம் என்று சொல்லி விற்பவரிடம் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது வெயிலில் வெந்த பிவிசி.