அந்தக் கைபேசிக்கு ஏன் சார்ஜ் போட்டீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. எம்.டி. என்ற போதைப்பொருள் பழக்கத்துக்காக மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தான். வரும் நாளில் இடியாப்பம் செய்து, அவனுடைய பழைய கைபேசிக்கும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். நான்காம் நாளே மறுபடி எடுத்துவிட்டான். முன்பு எடுத்ததில் பாதிதான் என்கிறான். ஆனால் இரண்டு இரவு தூங்காமல், கதவுக்கு வெளியே ஆள் நிற்பதாக நடுங்கினான். பாதி அளவுக்கு இவ்வளவு ஆட்டமா, நடிக்கிறான் என்கிறார் அவன் அப்பா. நடிக்கிறானா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நடிக்கவில்லை. எம்.டி. எனப்படும் மெபெட்ரோன், ஆம்ஃபெட்டமினைப் போலவே, நாட்டத்தைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் பெருகவைக்கும் ஊக்கி. இத்தகைய ஊக்கிகளைத் திரும்பத் திரும்ப எடுப்பவரின் மூளை ஒரு பக்கம் மரத்துப்போகிறது, மறுபக்கம் கூர்மையாகிறது. கோகெய்ன், மெத்தாம்பெட்டமின் பழக்கமுடையோரிடம் டோபமைனின் சைகையைப் பெறும் டி2 என்னும் ஏற்பிகள் குறைந்திருப்பதை அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 1990களிலிருந்தே மூளைப் படங்களில் காட்டியிருக்கிறது. நீங்கள் ஆசையாகச் செய்த இடியாப்பம் அவனுக்குச் சப்பென்று இருந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். சந்தேகமும் பயமுமோ மரத்துப்போவதில்லை, கூர்மையாகின்றன. பல மாதம் விட்டிருந்த மெத்தாம்பெட்டமின் நோயாளிகளுள் சிலர், முன்பைவிடக் குறைந்த அளவிலேயே மனப்பிறழ்வுக்குத் திரும்பியதை ஜப்பானிய மருத்துவர்கள் 1980களில் பதிவு செய்தார்கள். இதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கைபேசிக்கு ஏன் சார்ஜ் போட்டீர்கள்? இடியாப்பத்தோடு சேர்த்து ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், அதையும் ஓர் உபசாரம்போல. விற்றவனின் எண்ணும், கூட உட்கார்ந்து எடுத்தவர்களின் பெயர்களும் அதில்தானே இருக்கின்றன? கோகெய்னுக்குப் பழக்கிய எலிகளிடம், அதை நினைவூட்டும் விளக்கும் ஒலியும் எழுப்பிய நாட்டம், நிறுத்திய மறுநாளைவிட இரண்டு மாதம் கழித்து அதிகமாக இருந்தது. அந்த இடைவெளியில் மூளையின் நாட்ட மையத்தில் குளூட்டமேட் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் சைகையைப் பெறும் புதுவகை ஏற்பிகள் சேர்ந்து, பழைய சைகைக்கு அதை முன்னைவிடக் கூர்மையாகத் துடிக்கவைக்கின்றன. மூன்று மாதம் கழிந்ததால் ஆபத்து தீர்ந்தது என்று நீங்கள் நினைத்த நாளில், ஒரு பழைய பெயர் திரையில் ஒளிர்வதே அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அவன் கோபித்துக்கொள்வான் என்றுதான் போட்டிருப்பீர்கள். பெற்ற பிள்ளையின் கோபத்துக்கு அஞ்சி அவனை அவன் போக்கில் விடுவதை நான் பாசம் என்று ஒருபோதும் ஒப்பமாட்டேன். மையத்தில் கட்டணம் கட்டியதோடு தம் கடமை முடிந்ததென்று ஒதுங்கி நின்று, நடிப்பு என்று தீர்ப்பு மட்டும் சொல்கிற தந்தையையும் ஒப்பமாட்டேன்.

கைபேசியை ஒளித்து வைக்காதீர்கள்; ஒளித்தால் வேறொன்று வாங்குவான். இருவரும் அவன் எதிரே உட்கார்ந்து, காரணத்தைச் சொல்லி, அந்த சிம்மை அவன் கையாலேயே கழற்றச் செய்து, புது எண் வாங்கிக் கொடுங்கள். இந்த வாரமே பொது மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடப் போக வேண்டியவர் அப்பா. இந்தப் பழக்கத்தை மாற்றும் மாத்திரை என்று எதுவும் கிடையாது. பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர் மருந்து தருவார், மற்றது மாதக்கணக்கில் நீளும் உளவியல் சிகிச்சை. வழி கேட்க 14446 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. நெஞ்சுவலியோ வலிப்போ வந்தால் யாரையும் கேட்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

சிம்மைக் கழற்றச் சொல்லும்போது அவன் கத்துவான். கத்தி முடிக்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.