மகள் பழங்காடுகளைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா. “பயாலஜி குரூப் எடுத்த பெண், நீட் வேண்டாம், இத்தாலிக்குப் போய் வயசான மரங்களைப் பற்றிப் படிக்கிறேன் என்கிறாள். இந்தப் படிப்பு சோறு போடுமா?” என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பழங்காடு என்றால் மனிதர் அதிகம் கை வைக்காமல் நெடுங்காலமாக நிற்கும், முதிர்ந்த மரங்கள் உள்ள காடு. முதலில் அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

தென் இத்தாலியில் பொல்லினோ தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே பாறைச் சரிவில் நிற்கும் ஒரு பைன் மரத்துக்கு வயது 1,230 என்று 2018-இல் தூஷியா பல்கலைக்கழகக் குழுவினர் கணித்தார்கள். இதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. குழல் போன்ற துளைக்கருவியைக் கையால் திருகி உள்ளே செலுத்தி, பென்சிலைவிட மெல்லிய குச்சியாக மாதிரியை உருவுவார்கள். அதை மரச்சட்டத்தில் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, நுண்ணோக்கியில் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். வறண்ட வருடத்தில் வளையம் ஒடுங்கியிருக்கும். இந்த மரத்தில் ஒரு சிக்கல்: நடுத்தண்டு உளுத்துத் தூளாகியிருந்தது. அதனால் வேரிலும் மாதிரி எடுத்து, மரத்திலுள்ள கதிரியக்கக் கார்பனை அளக்கும் ரேடியோகார்பன் முறையில் காலம் கண்டு, தண்டின் வளையக் கணக்கோடு பொருத்தினார்கள். எனக்கு இதைப் படித்தபோது சிலிர்த்தது. உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்புறம் நிர்வாகம். இத்தகைய காட்டில் கை வைக்காமல் இருப்பதே பாதி வேலை. சாஸ்ஸோ ஃப்ராத்தீனோ என்ற பீச் மரக்காட்டை 1959-லேயே முழுக் காப்பகமாக்கினார்கள். இத்தாலியில் அதுதான் முதல். அங்கே விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கும். வண்டுக்கும் காளானுக்கும் அதுதான் வீடு. மத்தியதரைக் கடல் நாடுகளில் கோடையில் மழை மிகக் குறைவு, தீப்பிடிக்கும் காலமும் அதுதான். ஆகவே சுற்றுக்காடுகளில் காய்ந்த புதரைக் குறைப்பது, மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவது என்று மீதி வேலை முழுக்க வெளியே இருக்கிறது.

சரி, வேலைவாய்ப்பு. எஞ்சியுள்ள பழங்காடுகள் அனைத்தையும் கண்டிப்பாகக் காக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2030 பல்லுயிர் திட்டம். காக்க வேண்டுமானால் எங்கே இருக்கிறது என்று தேடி வரைபடம் போட ஆள் வேண்டும். ஆனாலும் பணியிடங்கள் குறைவு. பலவும் இரண்டு, மூன்று வருட ஆய்வுத் திட்டங்கள். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

அதனால் நான் சொல்லும் வழி இது. முதலில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்கு வருட வனவியல் பட்டம். நீட் தேவையில்லை. அதை முடித்தால் இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம், அந்தக் கதவு திறந்தே இருக்கும். பிறகு எராஸ்மஸ் முண்டஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய உதவித்தொகையோடு இரண்டு வருட முதுகலை. மத்தியதரைப் பகுதி வனவியலுக்கென்றே லிஸ்பன், பதுவா, தூஷியா போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய மெட்ஃபார் என்ற படிப்பு உண்டு. உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் வீட்டை அடமானம் வைத்து அனுப்ப வேண்டாம், மறுவருடம் மீண்டும் முயலட்டும். கல்லூரி நாட்களிலேயே புள்ளியியலையும் செயற்கைக்கோள் படங்களைக் கையாள்வதையும் நன்றாகக் கற்கச் சொல்லுங்கள்.

ஒன்று செய்யுங்கள். பக்கத்து மரக்கடையில் குறுக்கே அறுத்த தேக்குத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். உப்புத்தாளால் தேய்த்து வளையங்களை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு முறை எண்ணி இரண்டு கணக்கு வந்தால், யாரும் சொல்லாமல் மூன்றாம் முறை உட்காருகிறாளா பாருங்கள். உட்கார்ந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பலாம்.