முந்நூறு பேர் கேட்ட பாட்டு

கேள்வி: ஜப்பானியர்கள் வோக்கலாய்டு என்ற மென்பொருளைக் கொண்டு உருவாக்கும் பாடல்களுள் யாருடைய கவனத்துக்கும் வராமல் போனவற்றைப் பற்றிச் சென்ற இதழில் மூன்று பக்கங்கள் எழுதியிருந்தீர்கள். பாடகரே இல்லாமல் கணினி தானாகப் பாடும் பாட்டுக்கு இத்தனை பரிவு எதற்கு? நல்ல பாட்டாக இருந்தால் அது எப்படியும் மேலே வந்திருக்கும். முந்நூறு பேர் மட்டும் கேட்ட பாட்டின் தகுதி அவ்வளவுதான் என்று விட்டுவிட வேண்டியதுதானே?

– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கணினி தானாகப் பாடுகிறது என்பதை முதலில் திருத்திவிடுகிறேன், உங்கள் கேள்வி முழுவதும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. யமஹா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்த வோக்கலாய்டு, 2004இல் விற்பனைக்கு வந்தது. அதற்குள் இருப்பது மனிதக் குரல்தான். 2007 ஆகஸ்ட் 31 அன்று சப்போரோ நகரத்து கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா வெளியிட்ட ஹட்சுனே மிக்குவை நீங்கள் நீலப்பச்சை முடிச் சிறுமியின் படமாக அறிந்திருப்பீர்கள். அந்தக் குரல் ஃபுஜிதா சாகி என்ற குரல் நடிகை ஒலிப்பதிவு செய்து தந்த ஒலித்துண்டுகளால் ஆனது. 'கலை' என்று ஒருவர் பாடும்போது 'க்' என்ற மெய் அகரத்துக்குள் நுழைகிற இடமும் அந்த அகரம் லகரத்தைத் தொடுகிற இடமும்தான் காதுக்குக் குரலை அடையாளம் காட்டுகின்றன. அப்படிப்பட்ட இணைப்புகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வேண்டிய சுருதிக்கு மாற்றி ஒட்டுவதே மென்பொருளின் வேலை. ஜப்பானிய மொழிக்கு ஒரு சுருதியில் ஏறக்குறைய 500 இணைப்புகள் போதும், ஆங்கிலத்துக்கு 2500 வரை வேண்டும். 2004இல் முதலில் வந்த லியோன், லோலா என்ற ஆங்கிலக் குரல்களைவிடப் பின்னால் வந்த ஜப்பானியக் குரல்கள் தெளிவாக ஒலித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, இந்தக் குரலைப் பாட வைப்பவரின் வேலையைக் கேளுங்கள். ஜப்பானில் அவரை 'போகரோ-பி' என்பார்கள். கடைசியில் உள்ள 'பி', தயாரிப்பாளரைக் குறிக்கும் 'புரொட்யூசர்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். மெட்டு அவருடையது, வரிகளும் பெரும்பாலும் அவருடையவை, வாத்தியச் சேர்க்கையும் அவரே செய்வார். கட்டம் போட்ட திரையில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் உரிய நீளத்துக்கு வரைந்து, அதன்மேல் அசையை எழுதிய பிறகு வருகிற முதல் ஒலி தட்டையாகவும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதைப் போலவும் இருக்கும். அதன் பிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. எந்த அசையில் குரல் சற்றே தாழ்ந்து தொடங்கி மேலே ஏற வேண்டும், குரலின் அசைவு எங்கே தொடங்கி எவ்வளவு அகலமாக விரிய வேண்டும், மெய்யெழுத்தை எவ்வளவு அழுத்த வேண்டும், மூச்சின் கரகரப்பு எவ்வளவு கலக்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கோடுகளை இழுத்து இழுத்துத் திருத்துவார்கள். இதைக் குறிக்க அங்கே ஒரு தனிச் சொல்லே உண்டு, 'சோசெய்'. குரலைச் சீர்செய்தல் என்று பொருள். 2022இல் வந்த வோக்கலாய்டின் ஆறாம் பதிப்பிலும் சிந்தசைசர் வி போன்ற மென்பொருள்களிலும் இயந்திரக் கற்றலின் துணையால் குரல் முதலிலேயே இயல்பாக வருகிறது என்பது உண்மைதான். அப்போதும் மெட்டையும் சொல்லையும் மனிதர்தான் கொடுக்க வேண்டும். ஒரு வரியைத் தட்டச்சு செய்தால் முழுப்பாட்டும் வந்து விழுகிற இன்றைய கருவிகளை மனத்தில் வைத்து நீங்கள் இதை எழுதியிருந்தால், இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள்.

நான் கேட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். ஆண்குரல், மெதுவான நடை, ஐந்து நிமிடத்துக்கும் மேல். அதைச் செய்தவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூச்சை உள்ளிழுக்கும் ஒலி ஒன்றை வைத்திருந்தார். முதல் சரணத்தில் அது சிறியது. பாட்டு போகப் போக மூச்சு நீண்டுகொண்டே வந்து, கடைசி அடிக்கு முன்னால் மூச்சு இழுக்கப்படுகிறது, ஆனால் அந்த அடி பாடப்படவில்லை. நுரையீரலே இல்லாத ஒரு குரலுக்குக் களைப்பு எப்படி வரும் என்று உட்கார்ந்து யோசித்து, அதைக் கையால் செதுக்கி வைத்த ஒருவர் இருந்திருக்கிறார். நான் கேட்ட நாளில் அதை எனக்கு முன்னால் கேட்டிருந்தவர்கள் முந்நூறு பேரைத் தாண்டவில்லை. சென்ற இதழில் முந்நூறு என்று நான் எழுதியது அந்தப் பாட்டைத்தான்.

நல்லது தானாக மேலே வரும் என்கிறீர்கள். எந்த வழியாக என்று நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தப் பாடல்களின் தாய்வீடான நிக்கோநிக்கோ என்ற ஜப்பானியக் காணொளித் தளத்தில், பார்வை எண்ணிக்கையையும் கருத்துகளையும் சேமிப்புப் பட்டியல்களையும் கூட்டிக் கழித்து, வாரம் ஒருமுறை முதல் முப்பது பாடல்களை வரிசைப்படுத்தும் பட்டியலை ரசிகர்கள் 2007இலேயே தொடங்கிவிட்டார்கள். அன்பினால் செய்த வேலை அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டு வெளியான முதல் சில நாட்களிலேயே அந்த முப்பதுக்குள் நுழைய முடியாதவருக்கு அடுத்த வாரம் வேறு வாசல் இல்லை. நுழைந்தவரை மேலும் ஆயிரம் பேர் கேட்பார்கள், அதனாலேயே அவர் மறுபடியும் நுழைவார். ஒரு லட்சம் பார்வை பெற்ற பாட்டுக்குப் 'புகழ்மண்டபம்' என்றும் பத்து லட்சம் பெற்றதற்குப் 'பெருங்கதை' என்றும் பட்டங்கள் வந்த பிறகு, கேட்பவர்கள் பட்டத்தைப் பார்த்தே பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மிக்குவின் குரலில் செய்த பாட்டைத் தேடி வருகிறவர்கள் இருந்தார்கள், அதிகம் அறியப்படாத குரலில் அதே மெட்டைச் செய்தவருக்கு அந்தக் கூட்டமே இல்லை. 2009க்குப் பிறகு வேகமான, சொற்கள் நெருக்கியடிக்கும் பாணி கோலோச்சியபோது, மெதுவாகப் பாட வைத்தவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். இவற்றுள் எதில் பாட்டின் தரம் அளக்கப்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டின் குறையை அங்குள்ள ரசிகர்கள் நம்மைவிட முன்பே உணர்ந்திருந்தார்கள். அதே தளத்தில் கேட்பவர்கள் தாங்களே ஒட்டும் குறிச்சொற்களுள் ஒன்று, 'இன்னும் மதிக்கப்பட வேண்டியது' என்பது. முகம் தெரியாத ஒருவர் முகம் தெரியாத இன்னொருவரின் பாட்டின் கீழே அதை ஒட்டிவிட்டுப் போவார். அதைப் பிடித்துக்கொண்டே தேடிப் போகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் போனேன். 2020 டிசம்பரில் தொடங்கிய வோக்கலாய்டு கலெக்‌ஷன் என்ற இணைய விழாவிலும் புதியவர்களுக்கென்று தனித் தரவரிசை வைக்கிறார்கள். நல்லது தானாக மேலே வரும் என்றால் அதற்குத் தேவையே இருந்திராது.

குரல்களின் கதையையே பாருங்கள். கைட்டோ என்ற ஆண்குரல் 2006 பிப்ரவரியில் வந்தபோது விற்பனையில் தோற்றுப்போனது. மறு ஆண்டு மிக்கு பெற்ற வெற்றிக்குப் பிறகே மக்கள் அதைத் தேடி வாங்கினார்கள். பெட்டிக்குள் இருந்த குரல் அதே குரல்தான். கசானே டெட்டோ 2008 ஏப்ரல் முதல் நாளில், முட்டாள்கள் தின விளையாட்டாகச் சிலர் கற்பனை செய்த போலிப் பாடகி. பிறகு யுடாவ் என்ற இலவச மென்பொருளில் அவளுக்கு உண்மையாகவே குரல் கொடுத்தார்கள். அந்தக் குரலில் பதினைந்து ஆண்டுகள் பாட்டுச் செய்தவர்களுள் சிலரே பேர் பெற்றார்கள். 2023இல் சிந்தசைசர் வியில் புதிய குரலாக வந்து, அடுத்த ஆண்டு மிக்குவோடு சேர்ந்து பாடிய ஒரு பாட்டு கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்த பின், அவளுடைய பழைய பாடல்களையும் தோண்டியெடுத்துக் கேட்கிறார்கள். நீங்கள் சொன்ன கணக்குப்படி அந்தப் பழைய பாடல்கள் 2022 வரை தகுதியற்றவையாக இருந்து 2024இல் தகுதி பெற்றுவிட்டன என்று ஆகும்.

ஹச்சி என்ற பெயரில் 2009இல் இத்தகைய பாடல்களை வெளியிடத் தொடங்கிய இளைஞர், யோனெசு கென்ஷி என்ற சொந்தப் பெயரில் இன்று ஜப்பானின் முதல் வரிசைப் பாடகராக இருப்பதை நீங்கள் எடுத்துக்காட்டலாம். அவர் மேலே வந்தது உண்மை, தகுதியோடு வந்ததும் உண்மை. ஆனால் வந்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி, வராதவர் எவரிடமும் சரக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு, வராதவர்களை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டவரையில் இருபதுக்குப் பதினைந்து சாதாரணமானவை, அதை மறைக்கவில்லை. மீதி ஐந்துக்காகத்தான் அந்த மூன்று பக்கங்கள்.

அவசரம் ஒன்றும் இருக்கிறது, சென்ற இதழில் இதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். 2024 ஜூன் 8 அன்று இணையத் தாக்குதலால் நிக்கோநிக்கோ முடங்கியது. ஆகஸ்ட் 5 வரை, ஏறக்குறைய இரண்டு மாதங்கள், அதன் காணொளிச் சேவை திரும்பவில்லை. இடைக்காலத்தில் தேர்ந்தெடுத்த பழைய காணொளிகளைக் கொண்ட தற்காலிகப் பக்கம் ஒன்றை மட்டும் திறந்து வைத்தார்கள். புகழ்பெற்ற பாட்டுக்கு யூடியூபில் ஒரு படி, இசைத்தட்டில் ஒரு படி, கணினி விளையாட்டுக்குள் ஒரு படி என்று பல இருப்பிடங்கள் உண்டு. முந்நூறு பேர் கேட்ட பாட்டுக்கு அந்த ஒரு முகவரியைத் தவிர வேறு இடம் பெரும்பாலும் இருக்காது. போட்டவரே மனமொடிந்து நீக்கிவிட்டாலும் கேட்பதற்கு ஆளில்லை. அந்த எட்டு வாரங்களும் நான் சொன்ன ஆண்குரல் பாட்டு திரும்பி வருமா என்று தெரியாமல் இருந்தேன். வந்தது. அன்றே அதைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்தேன்.

அந்தப் பாட்டின் முகவரியைத் தனிக் கடிதத்தில் உங்களுக்கு அனுப்புகிறேன். காதொலிப்பான் வைத்து, இடையில் நிறுத்தாமல், பாடப்படாத அந்தக் கடைசி அடி வரை கேளுங்கள். அதன் பிறகும் மூன்று பக்கம் வீண் என்று தோன்றினால் எழுதுங்கள். ஒரு சொல்லும் வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.