ஃபிரேம் கடை: விலையைக் குறைக்க வேண்டாம்

படம் மாட்டும் ஃபிரேம் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் கைபேசியை நீட்டுகிறார்கள், நானும் விலையைக் குறைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குறைக்காதீர்கள். ஏ4 போன்ற ஆயத்த அளவுகளில் பெரிய நிறுவனங்களோடு மோதி வெல்ல முடியாது.

உங்களிடம் வர வேண்டியவை, தொலைந்தால் திரும்பக் கிடைக்காத பொருள்கள்: பாட்டி போட்ட பூத்தையல், பழைய திருமணப் படம், நீர்வண்ண ஓவியம். படத்தைச் சுற்றியும் பின்னாலும் வைக்கும் அட்டையில் அமிலம் இருந்தால், அது நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். கண்ணாடியைத் தொட்டபடி வைத்த புகைப்படம் ஈரப்பதத்தில் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படமே உரிந்துவிடும், பார்க்கவே மனம் பொறுக்காது. அமிலமற்ற அட்டை, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி, புற ஊதாக் கதிரை வடிகட்டும் கண்ணாடி, பின்னாளில் ஈரப்படுத்திக் கழற்றக்கூடிய கோதுமைப் பசை ஆகியவற்றைப் பற்றி வாடிக்கையாளருக்கு யார் சொல்வது? நீங்கள்தான். பழுத்துப்போன பழைய அட்டை ஒன்றைப் புதியதன் அருகில் மேசையிலேயே வையுங்கள். பயன்படுத்திய பொருள்களை ரசீதில் எழுதிக் கொடுங்கள்.

இணையத்தில் வாங்கிய ஃபிரேமோடு வருபவரையும் திருப்பி அனுப்பாதீர்கள். அட்டை வெட்டிப் பொருத்தித் தந்து அதற்கான கூலியைத் தயங்காமல் கேளுங்கள்.