கீமோ போறவங்களுக்கு ரெய்ஷி காளான் பவுடர் கொடுக்கலாமா?

மல்லேஸ்வரத்துல ஒரு ஆர்கானிக் கடையில ரெய்ஷி பவுடர் பார்த்தேன், கீமோ போயிட்டிருக்கற அம்மாவுக்கு இம்யூனிட்டி ஏற கொடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆன்காலஜிஸ்ட்கிட்ட கேக்காம தயவுசெஞ்சு கொடுக்காதீங்க.

காளானோட செல் சுவர்ல பீட்டா குளுக்கான்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கு, நம்ம செல்கள்ல அது கிடையாது, அதனால மேக்ரோஃபேஜ் மாதிரி வெள்ளையணுக்கள் மேல இருக்கற டெக்டின்-1ங்கற ரிசெப்டார் (அடையாளம் கண்டுபிடிக்கற புரதம்) அதைப் பிடிச்சதும் பூஞ்சை உள்ள வந்துடுச்சுன்னு சைட்டோகைன்ங்கற சிக்னல் புரதங்களை விட்டு மத்த செல்களையும் உசுப்பி விடுது. இம்யூனிட்டியைத் தூண்டும்னு சொல்றது அதுவரைக்கும் உண்மைதான். ஜப்பான்ல டர்க்கி டெயில்ங்கற வேற ஒரு காளான்ல இருந்து எடுத்த பிஎஸ்கேங்கற பொருள் 1977லேயே கேன்சர் மருந்தா அனுமதி வாங்கிச்சு, ஆனா அது ஆஸ்பத்திரியில கீமோவோட சேத்து குடுத்த சுத்திகரிச்ச சரக்கு, கடை பவுடர் அது இல்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 'பாலிசாக்கரைடு'ன்னு (சர்க்கரைச் சங்கிலிகளுக்கு பொதுப் பேர்) பெருசா ஒரு சதவீதம் போட்டிருந்தா நம்பாதீங்க, அரிசி மாவும் பாலிசாக்கரைடுதானே, தானியத்துல வளர்த்த மைசீலியத்தை (காளானோட வேர் மாதிரி இழைகளை) அப்படியே அரைச்சா ஸ்டார்ச்சும் கூடவே வரும், பீட்டா குளுக்கான் அளவு தனியா போட்டிருக்கணும்.

அம்மா வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை எடுக்கறாங்கன்னா ரெய்ஷியால ரத்தக்கசிவு ரிஸ்க் கூடலாம், டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க.