சீசன் காசில் மலேசியா போகலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் மூன்று அறைகளோடு ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். இந்த சீசன் பரவாயில்லை, 9 இலட்சம் ரூபா கையில் நிற்கிறது. வீட்டுக்கும் விடுதிக்குமாக மாதச் செலவு 90,000. வெள்ளைக்காரருக்கு அறை கொடுத்தே காலம் போய்விட்டது, நாங்கள் ஒருதரம்கூட வெளிநாடு போனதில்லை. வருகிற டிசம்பர் பாடசாலை விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மலேசியா போக ஆசை. பயண முகவர் ஒருவர் கோலாலம்பூரில் மூன்று நாள், பெர்ஹெந்தியான் தீவில் மூன்று நாள் என்று நாலு பேருக்கும் 7½ இலட்சம் கேட்கிறார். 50,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். மனைவியின் நகையை 3 இலட்சத்துக்கு அடைவு வைத்தால் கைக்காசு அவ்வளவாகக் குறையாது, மே மாதம் சீசன் தொடங்க மீட்டுவிடலாம் என்று யோசிக்கிறேன். சரிவருமா?

பதில்: டிசம்பரில் ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்று நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவுக்குப் படகு கேட்டால் என்ன சொல்வீர்கள்? சிரித்துவிட்டு, மே மாதம் வாங்கோ என்பீர்கள். பெர்ஹெந்தியான் இருப்பது மலேசியாவின் வடகிழக்குக் கரையில், திரங்கானு மாநிலத்துக்கு அப்பால். நிலாவெளிக் கடலைக் குழப்புகிற அதே வாடைக்காற்றுத்தான் அங்கேயும் அடிக்கிறது. நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை அந்தத் தீவின் விடுதிகள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். இது முகவருக்குத் தெரியாது என்றால் அவர் உங்களுக்கு வழிகாட்ட ஆளில்லை. தெரிந்தே விற்றிருந்தால் சொல்லவே வேண்டாம். டிசம்பரில்தான் போகவேண்டும் என்றால் பினாங்கு, லங்காவி என்று மேற்குப் பக்கம் பாருங்கள். அந்தத் தீவு திறந்திருக்கிற ஓகஸ்ட் மாதம் உங்களுக்கும் சீசன், ஊரைவிட்டு அசையமுடியாது என்பது எனக்கும் விளங்குகிறது.

இனிக் காசுக்கு வருவோம். உங்களிடம் இருக்கிற 9 இலட்சமும் பயணக் காசு அல்ல. நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை ஆறு மாதம் அறைகள் காலியாகத்தான் கிடக்கும் என்று வைத்தால், மாதம் 90,000 படி 5,40,000 சாப்பாட்டுக் காசு. மிஞ்சுவது 3,60,000. இதற்குள் ஒரு கூரைத் திருத்தமோ குளிரூட்டிப் பழுதோ வந்தால் அதுவும் குறையும்.

நகை விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 15 வீதம் என்று வைத்தால் 3 இலட்சத்துக்கு மே மாதம் வரைக்கும் ஏறக்குறைய 20,000 ரூபாதான். அது பெரிய தொகை இல்லை. ஆனால் 'சீசன் வரும்' என்ற நம்பிக்கையில் நகையை வைக்கிறீர்களே, அதுதான் பயம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த மே மாதம் நினைவிருக்கிறதா? 2020 கொரோனா? 2022 பெற்றோல் வரிசை? நாலு வருடத்துக்குள் மூன்று சீசன் படுத்த ஊர் இது. மனைவியின் தாலிக்கொடியை அடுத்த சீசனிடம் ஈடு வைக்காதீர்கள்.

ஆகவே இந்த டிசம்பர் வேண்டாம், அடுத்த டிசம்பர் போங்கள். பிள்ளைகளுக்கு முகம் வாடும், தெரியும். கணக்கு இப்படி: ஒரு ரிங்கிட் 75 ரூபா என்று பிடியுங்கள். நாலு டிக்கெட்டுக்கு 3 இலட்சம். அறைக்கு இரவுக்கு 200 ரிங்கிட் படி ஆறு இரவுக்கு 90,000. சாப்பாடும் போக்குவரத்தும் நாளுக்கு 250 ரிங்கிட் என்றால் ஆறு நாளைக்கு 1,12,500. விசா, காப்புறுதி, விமானநிலையத்துக்குக் கிட்ட நீர்கொழும்பில் முதல்நாள் இரவு, வான் கூலி எல்லாவற்றுக்கும் 45,000. இதோடு 50,000 தனியாக. மொத்தம் 6 இலட்சத்துக்குக் கிட்ட. கையிலுள்ள 3,60,000ஐ ஒரு வருட நிலையான வைப்பில் போட்டுவிட்டு, மே முதல் செப்டெம்பர் வரை மாதம் 48,000 ஒதுக்கினால் வந்துவிடும். ஒதுக்கமுடியாத சீசன் என்றால் பயணம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். ஆனால் நகை வீட்டில் இருக்கும்.

கணக்கில் தனியாக வைத்த அந்த 50,000 எதற்கு என்று கேட்பீர்கள். அது நம் தெரியாத்தனத்துக்கு நாம் கட்டுகிற வரி. நான் முதன்முதலாக வெளிநாடு போனபோது இருந்த காசு முழுவதையும் இறங்கிய விமானநிலையத்திலேயே மாற்றினேன், நட்டத்தை இன்னும் மறக்கவில்லை. முதல்நாள் செலவுக்கு மட்டும் அங்கே மாற்றுங்கள். அட்டையில் கட்டும்போது இயந்திரம் "ரூபாவிலா, ரிங்கிட்டிலா" என்று கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள், ரூபா என்றால் அவர்கள் போடுகிற விலைதான். மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் கையில் கொண்டுபோகும் 7 கிலோதான் அடக்கம். பெட்டிக்குத் தனிக் காசு. வெளிநாட்டவரிடம் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். கோலாலம்பூர் விமானநிலையத்திலிருந்து வேகரயில் ஒரு பெரியவருக்கு 55 ரிங்கிட், குடும்பமாகப் போகிறவர்களுக்கு கைபேசிச் செயலியில் அழைக்கிற கிராப் வாடகைக் கார் பெரும்பாலும் மலிவாக வரும்.

நீர்கொழும்பு இரவை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பாதைகள் அறுந்த கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாரியில் திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு அன்றைக்கே புறப்பட்டு அன்றைக்கே விமானம் ஏறுவது சூதாட்டம். காப்புறுதி எடுக்கும்போதும் மருத்துவச் செலவோடு பயணம் ரத்தாவதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும். விசா விதி அடிக்கடி மாறுவதால், காசு திரும்பாத டிக்கெட்டை விசா கிடைத்த பிறகே எடுங்கள்.

கொடுத்த முற்பணத்துக்கு வருகிறேன். பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே முகவரிடம் போங்கள். சண்டை வேண்டாம். டிசம்பரில் நாங்கள் தங்கப்போகிற பெர்ஹெந்தியான் விடுதியின் பெயர் என்ன என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பெயருக்கு அவருக்கு முன்னாலேயே ஒரு மின்னஞ்சல் போட்டு, அந்தத் திகதியில் திறந்திருக்குமா என்று விசாரியுங்கள். 'பூட்டு' என்று பதில் வந்தால் அதைக் காட்டி 50,000ஐக் கேளுங்கள். பெயரே சொல்லமாட்டேன் என்று மழுப்பினால், அப்போதும் கேளுங்கள்.