கோலம் இழுக்கக் கை நிற்கவில்லை, மூளையில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பெங்களூர் அல்சூரிலிருந்து 63 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். பத்து வருஷமாக இரண்டு கையும் நடுங்குகிறது, அவருடைய அப்பாவுக்கும் இருந்ததாம். டி.வி. பார்க்கும்போது கை சும்மாதான் கிடக்கிறது, காபி ஆற்றப் போனால் தம்ளர் தவராவில் மோதிச் சத்தம் போடுகிறது. வாசல் கோலத்தை மருமகளிடம் விட்டுவிட்டார். நடுக்கத்துக்கான ப்ரோப்ரனோலால் மாத்திரை 20 மி.கி. இரண்டு வேளை எடுத்தும் பெரிதாகக் குறையவில்லை. டாக்டர், மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கிற டி.பி.எஸ். ஆபரேஷன் என்கிறார், சொந்தக்காரர்கள் பார்க்கின்சன் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

அம்மா, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பார்க்கின்சன் மாதிரி இல்லை. அதில் பெரும்பாலும் மடியில் சும்மா கிடக்கிற கைதான் நடுங்கும், அதுவும் ஒரு பக்கத்தில் தொடங்கும், உடம்பு விறைக்கும், எல்லா வேலையும் மெதுவாகும். உங்களுக்கு வேலை செய்யும்போது உதறுகிறது, இரண்டு கையிலும், அப்பாவுக்கும் இருந்தது. எசென்ஷியல் ட்ரெமர் என்கிற நடுக்க நோய் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எடுப்பது ஒரு நாளைக்கு 40 மி.கி., அது ஆரம்ப அளவுதான். பலருக்கு 120 மி.கி.க்கு மேல் போனால்தான் பலன் தெரியும். நீங்களாக ஏற்றிவிடாதீர்கள், ஆஸ்துமாவோ நாடித்துடிப்பு குறைவோ இருந்தால் இந்த மருந்தே ஆகாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. இது ஒத்துவராவிட்டால் ப்ரிமிடோன் என்ற இன்னொரு மருந்து இருக்கிறது, முதல் சில நாள் தலை சுற்றும், தூக்கம் அழுத்தும் என்பதால் ராத்திரியில் ரொம்பக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள், அதுவும் கையை நடுங்க வைக்கும். (ஒரு பெக் போட்டால் நிற்கும் என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை, ஆனால் போதை இறங்கியதும் முன்னைவிட அதிகமாக உதறும். அதை வைத்தியமாக நினைக்க வேண்டாம்.)

இரண்டு மருந்தையும் போதுமான அளவில் பார்த்தும் தம்ளரைத் தூக்க முடியவில்லை என்றால், சரி, அப்போது டி.பி.எஸ். பற்றிப் பேசலாம். இது சோதனை முயற்சி ஒன்றும் இல்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் டாக்டர் பெனாபிட்டின் குழு 1987-இல் தொடங்கியது, அமெரிக்கா 1997-இல் நடுக்கத்துக்கு அனுமதித்தது. மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, மூளையின் உள்ளே தாலமஸ் என்ற இடத்தில் மெல்லிய எலக்ட்ரோடு கம்பியை இறக்குவார்கள். அதன் வயர் தோலுக்கு அடியிலேயே காதுக்குப் பின்னால் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே வைத்த பேட்டரியில் சேரும். பல இடங்களில் உங்களை விழித்திருக்க வைத்தே செய்வார்கள், மூளைக்கு வலி தெரியாது. அட்டையில் பேப்பரை வைத்து ஒரு சுருள் வரையச் சொல்வார்கள், ரம்பப் பல் மாதிரி போய்க்கொண்டிருக்கிற கோடு, மின்சாரம் சரியான அளவுக்கு வந்ததும் வழவழவென்று ஓடும்.

ஆனால் நோய் போய்விடாது, மிஷினை அணைத்தால் நடுக்கம் திரும்பி வரும். இடது மூளையில் வைத்தால் வலது கைக்குத்தான் பலன். இரண்டு பக்கமும் வைத்தால் பேச்சு குழறுவதும் நடை தள்ளாடுவதும் அதிகம், அதனால் கோலம் போடுகிற கைக்கு மட்டும் முதலில் செய்துகொள்வதே நல்லது என்பேன். நூறில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம், தொற்று வந்து கம்பியையே எடுக்க வேண்டியும் வரலாம். சாதாரண பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம்தான், சார்ஜ் செய்கிற வகை பல வருஷம் கூடுதலாக வரும், விலையும் கூடுதல். முதல் செலவை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், பேட்டரி மாற்றுகிற செலவையும் கேளுங்கள். மெஜஸ்டிக் மெட்ரோ வாசலில் சோதனைக்கு நிற்கும்போது காட்ட ஒரு கார்டு தருவார்கள். முட்டி வலிக்கென்று பிசியோதெரபிக்குப் போனால் டயதெர்மி என்கிற மின்சாரச் சூட்டு வைத்தியம் மட்டும் கூடவே கூடாது, அந்தச் சூடு கம்பி வழியே மூளைக்குப் போய்விடும்.

இன்னொரு டாக்டரிடமும் கேட்க நினைத்தால் ஓசூர் ரோட்டில் மூளை, நரம்பு வைத்தியத்துக்கான நிமான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. போவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து புள்ளி வைத்து, வலது கையால் ஒரு கோலம், இடது கையால் ஒரு கோலம் இழுத்துத் தேதி போட்டு வையுங்கள். மருந்து அளவு மாறி ஒரு மாதம் கழித்து அதே கோலத்தை மறுபடி இழுங்கள். இரண்டு தாளையும் டாக்டர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆபரேஷன் பற்றிக் கேளுங்கள்.